ஏடு மறந்ததைப் படம் காத்தது

பிறப்பாலமைந்த பாலுக்கு மாறாக உடுத்தலே குற்றமென அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிற் சட்டமிருந்த காலம் அது. 1966 ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, கொம்ப்டன் உணவுச்சாலையில் தம்மைப் பிடிக்கவந்த பொலிசார் ஒருவரின் முகத்தில் ஒரு திருநங்கை கோப்பியை வீசினார். நெடுநாள் துன்புற்றோர் திரண்டெழுந்தனர், கண்ணாடிகள் நொறுங்கின. புகழ்பெற்ற ஸ்டோன்வால் கிளர்ச்சிக்கு மூன்றாண்டு முந்திய நிகழ்ச்சி இது. ஆயினும் பத்திரிகைகள் பொருட்படுத்தாமையால் அதன் திகதியும் மறைந்தது.

பல்லாண்டின் பின், திருநங்கையான வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர் 1972 ஆம் ஆண்டு வெளியீடொன்றில் இதுபற்றிய குறிப்பைக் கண்டார். நேரிற் கண்ட முதியோரைத் தேடிப் பேசவைத்து, விக்டர் சில்வர்மனுடன் இணைந்து 'ஸ்கிரீமிங் குவீன்ஸ்' என்னும் விவரணப் படத்தை 2005 இல் வெளியிட்டார். 2017 இல் அவ்வட்டாரம் திருநர் பண்பாட்டு வட்டாரமாக ஏற்கப்பட்டது.

எழுதப்படாத வரலாறு, அதனை அறிந்தோர் வாழும்போதே பதிவுசெய்யப்படல் வேண்டும்.