பத்தில் ஒரு பங்கு நிலம்

ஒரு சிறு நகரத்தின் எல்லையில் நேற்றுவரை நெல்லும் கடலையும் விளைந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது, அங்கே குடியேறப் போகும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சௌகரியமும் அசௌகரியமும், அவர்களில் ஒருவர்கூட வந்து சேராத அந்த வேளையிலேயே, ஒரு வரைபடத்தின் மீது இடப்படும் கையொப்பத்தால் நிச்சயமாகிவிடுகின்றன. சாலையின் அகலம், மழைநீர் வடியும் திசை, குழந்தைகள் ஓடியாடும் வெளி, குடிநீர்த் தொட்டி நிற்குமிடம் யாவும் அப்போதே தீர்ந்துவிடும் விஷயங்கள். வீடுகள் எழுந்த பிறகு நகராட்சிக்கு எவ்வளவு நல்லெண்ணமும் நிதியும் இருந்தாலும், இல்லாத இடத்தை அதனால் சிருஷ்டிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கென ஏற்பட்ட முறை தெளிவானதே. நிலச் சொந்தக்காரர் தம் வரைபடத்தை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் சமர்ப்பித்துத் தொழில்நுட்ப அநுமதி பெற்று, சாலைகளையும் திறந்தவெளியையும் உள்ளாட்சியின் பேரில் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகு, நகராட்சியோ பேரூராட்சியோ இறுதி அங்கீகாரம் அளிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், சாலை போக எஞ்சியதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே தீர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு மட்டும் இடத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழியுண்டு. தரகர்கள் ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ என்று சொல்வது இப்படி விடப்படும் திறந்தவெளியைத்தான். ஐந்து ஏக்கர் நிலத்தில் ஒன்றரை ஏக்கர் சாலைக்குப் போனால், மிஞ்சும் மூன்றரை ஏக்கரிலிருந்து ஊருக்குக் கிடைப்பது 35 சென்ட். பெரிய பரப்பன்று; ஆனால் நாலு வேப்பமரமும் ஒரு விளையாட்டுத் திடலும் அமைவதற்கு அது போதும்.

தஞ்சாவூரின் நெருக்கமான தெருக்களைப் பார்வையிட்டு 1915-இல் தம் யோசனைகளை எழுதிய ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், வீடுகளை இடித்து அகன்ற வீதி போடும் திட்டத்தை ஏற்காமல், இடிபாடுகளும் வெற்றிடங்களும் கிடக்குமிடங்களைச் சீர்செய்து சிறு சிறு வெளிகளாக்கி மரம் வைப்பதே குடிமக்களுக்கு அதிக நன்மை தரும் என்று கருதினார். பழைய ஊரில் அத்தனை பிரயாசையோடு தேட வேண்டியிருந்ததைப் புதிய மனைப்பிரிவில் சட்டமே விலையின்றிக் கொடுக்கிறது.

ஆனால் பல்லாண்டுகளாக, அங்கீகாரமே பெறாத மனைகள் சகாய விலைக்குக் கிடைக்கின்றன என்று ஜனங்கள் வாங்கி வந்தார்கள். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்து நிறுத்தியது. மறு ஆண்டு, 20.10.2016-க்கு முன் ஏற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களைக் கைவிட முடியாதென்பது நியாயமே; எனினும் வரன்முறைப்படுத்துவதால் பத்திரம் செல்லுபடியாகுமேயன்றி, விடப்படாத பூங்கா முளைத்துவிடாது. அதே காலத்தில், 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை, நகராட்சிகளைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள் என்பதையும், தம் தெருவைப் பற்றிக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஜனங்கள் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தார்கள் என்பதையும் நான் துக்கத்தோடு நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் நல்ல நோக்கத்திலிருந்தே பிறக்கிறது. வீட்டுவரியோடு நூலக வரியாக 10 சதவீதம் செலுத்துகிற குடும்பங்கள் நூலகம் கேட்பது உரிமை; அங்கன்வாடியும் சுகாதார நிலையமும் கேட்பதும் அப்படியே. இவற்றுக்கென வரைபடத்தில் தனியே பொது உபயோக மனை ஒதுக்கியிராவிடில், எல்லோருடைய கண்ணும் பூங்கா இடத்தின் மீதே விழுகிறது. பெங்களூரில் சதாசிவநகரில் பூங்காவுக்கென விடப்பட்ட இடம் மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டபோது, அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு உபயோகமானதுதானே என்னும் வாதத்தை உச்சநீதிமன்றம் 1991-இல் ஏற்கவில்லை. அத்தீர்ப்பு சரியானது என்பதே என் அபிப்பிராயம். நோயுற்றவனுக்கு மருத்துவமனை எவ்வளவு அவசியமோ, நோய் அணுகாதிருக்கக் காற்றும் வெளியும் அவ்வளவு அவசியம். ஒன்றை நிர்மாணிக்க மற்றொன்றை அழிப்பது, ஆரம்பத்தில் யோசிக்கத் தவறியதன் பளுவைக் குழந்தைகளின் தலையில் ஏற்றுவதாகும்.

ஆகவே மனை வாங்குகிறவர் தம் மனையின் எண்ணையும் அளவையும் பார்ப்பதோடு நில்லாமல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது, அதற்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, நகராட்சி அதைச் சுவாதீனம் எடுத்து வேலியிட்டுப் பலகை நாட்டியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பத்திரத்தில் நகராட்சிக்குச் சொந்தமாயிருந்தும், நேரில் முட்புதரும் ஆக்கிரமிப்புமாய்க் கிடக்கும் இடத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. 2022-இல் ஏற்பட்ட விதிகளின்படி நகராட்சி வார்டுகளில் இப்போது வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. அச்சபை கூடும்போது, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் முன்னால், தம் வார்டில் தானமாகப் பெறப்பட்ட நிலங்களின் சர்வே எண்ணும் பரப்பும் அடங்கிய பட்டியலை வாசிக்கும்படி மக்கள் கேட்கலாம். அப்படிக் கேட்டதையும், நகராட்சி சொன்ன பதிலையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லலாம்.