இளைஞனும் வண்டிக் காப்பீடும்

காஞ்சிமாநகரை அடுத்துப் பாலாற்றங்கரையிலே அமைந்தது ஓரிக்கை என்னும் ஊர். திருமழிசையாழ்வாரைப் பின்தொடர்ந்து திருவெஃகாப் பெருமாளும் காஞ்சியை நீங்கி வந்து இவ்விடத்தே ஓரிரவு தங்கினார் என்றும், அதனால் ‘ஓரிரவிருக்கை’ எனப் பெயர்பெற்ற ஊரே பின்னாளில் ஓரிக்கை என மருவியது என்றும் பெரியோர் கூறுவர். அன்று பெருமாள் ஓரிரவு தங்கினார். இன்றோ இவ்வூர்ச் சாலைக்கு ஓரிரவும் ஓய்வில்லை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் விடியுமுன்னும் நள்ளிரவிலும் மோட்டார் சைக்கிள்களில் விரைகின்றனர். அத்தொழிற்சாலைகளுட் சில மோட்டார் சைக்கிள்களையே செய்பவை. ராயல் என்பீல்டு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் ஒரகடத்தில் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஆகவே, வண்டி பிறக்கும் இடமும் அது ஓடும் இடமும் நம் மாவட்டமே எனலாம்.

சில திங்களுக்கு முன், என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். வயது பத்தொன்பது, தொழிற்சாலையிற் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. நான்காண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான்.

“ஐயா! வண்டிக்கு இன்ஷூரன்சு எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு தொகை சொல்லித் தாள் கொடுத்தார்; மற்றொருவர் ஏறக்குறைய அதிற் பாதி சொல்லி வேறொரு தாள் கொடுத்தார். நான் சிறுவயதினன் என்பதனால் முதலாமவர் மிகுதியாகக் கேட்கின்றாரோ என்று ஐயமாக இருக்கிறது. தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றான்.

நூற்பாவிற்கு உரை கூறிப் பழகிய எனக்கு இது புதிய பாடமே. ஆயினும், கேட்டவன் மாணவன். இரு தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, அறிந்தோரையும் வினவி, அவற்றைப் பயின்றேன். அங்ஙனம் பயின்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

இன்ஷூரன்சு என்பதனைத் தமிழிற் காப்பீடு என்பர். நம் ஊர்களில் திருமணத்திற்கு மொய் வைக்கும் வழக்கம் உண்டு. ஊரார் ஆளுக்குச் சிறிது கொடுக்க, செலவு மிக்க வீட்டார்க்கு அது பெருந்தொகையாகச் சேருகின்றது. காப்பீட்டின் அடிப்படையும் அதுவே. ஆனால் மொய்யை ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டும். சீட்டுக் கட்டினாலோ கட்டிய பணம் நம் கைக்கே மீளும். காப்பீட்டுக் கட்டணம் அங்ஙனம் மீளாது. “ஓராண்டு கட்டினேன், ஒன்றும் நேரவில்லை, பணம் வீணாயிற்று” என்று பலர் வருந்துவது இவ்வேறுபாட்டை அறியாமையினாலேயே. பல்லாயிரவர் செலுத்திய சிறு தொகைகள், அவ்வாண்டில் இடருற்ற சிலர்க்குச் சென்று சேர்கின்றன. நாம் அச்சிலருள் ஒருவராகாமற் போனது நற்பேறேயன்றி நட்டமன்று.

வண்டிக் காப்பீடு இரு பகுதிகளை உடையது. நம் வண்டியாற் பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்வது ஒன்று. அதனை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கும் களவிற்கும் ஈடு செய்வது மற்றொன்று. இவற்றுள் முன்னதனைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. பின்னது உரிமையாளர் விருப்பம். இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டத்திலேயே இதற்கு விதி இருந்தும், அது 1946ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று வழங்குவது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146ஆம் பிரிவு இக்கடமையைக் கூறுகின்றது.

பிறர்க்குரிய காப்பை ஏன் கட்டாயமாக்கினர்? எங்கள் பகுதியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். பட்டு நெசவாளர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், மாலை வேளையில் சாலையோரம் நடந்து வந்தார். இளைஞன் ஒருவன் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவர்மீது மோதிற்று. வலக்கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தனர். விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியதனை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குப் பின்னும் நாள்கள் உண்டன்றோ? குழித்தறியில் அமர்ந்து நெய்வோர்க்குக் கை எவ்வளவு வேண்டுமோ, மிதியை மிதிக்கக் காலும் அவ்வளவு வேண்டும். தறி ஓராண்டு நின்றது. மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லை. சென்ற ஆண்டே காலாவதியாகிவிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வண்டியின் உரிமையாளனே தொகையைக் கொடுக்கவேண்டும் என்றது. அவனிடம் இருந்தது மாதச் சம்பளமும் தவணை முடியாத வண்டியுமே. அவன் தந்தை தமக்கிருந்த சிறு நிலத்தை விற்றுத் தொகையிற் பாதியைக் கட்டினார். மறுபாதி இன்னும் நெசவாளர் குடும்பத்திற்கு வந்து சேரவில்லை. இரு குடும்பங்களும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

இனி அத்தாள்களுக்கு வருவோம். இரண்டிலும் மூன்றாம் நபர் பகுதிக்கு ஒரே தொகைதான் இருந்தது: 714 ரூபாய். என் மாணவனது ஐயத்திற்கு விடை இவ்விடத்திலேயே கிடைத்துவிட்டது. இப்பகுதிக்குரிய கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைத்தல் இயலாது. மத்திய அரசு அதனை வரையறுக்கின்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அறிவிப்பு, எஞ்சினின் கொள்ளளவு 75 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு 538 ரூபாயும், 75க்கு மேல் 150 வரை 714 ரூபாயும், 150க்கு மேல் 350 வரை 1,366 ரூபாயும், அதற்கும் மேற்பட்டதற்கு 2,804 ரூபாயும் ஓராண்டுக் கட்டணமாக விதித்தது. வரி தனி. மின்வண்டிகட்கு மோட்டாரின் ஆற்றலை அளவாகக் கொண்டு குறைந்த கட்டணம் வைத்தனர். இவ்வட்டவணையில் எஞ்சினுக்கு இடமுண்டு. ஓட்டுவோன் வயதிற்கு இடமில்லை! இங்கிலாந்து முதலிய நாடுகளில் இளைஞர் வண்டியோட்டக் காப்பீடு வாங்கப் புகுந்தால், நடுவயதினரைக் காட்டிலும் மிகுதியாகவே கட்டவேண்டும். இங்கோ பத்தொன்பது வயதினனும் அறுபது வயதினனும் ஒரு வகை வண்டிக்கு ஒரே கட்டணமே கட்டுகின்றனர்.

ஆகவே, இப்பகுதியிற் சிக்கனம் செய்ய விரும்புவோன் அதனை வண்டி வாங்குங்காலத்திலேயே செய்தல் வேண்டும். 125 சி.சி. வண்டிக்கும் 160 சி.சி. வண்டிக்கும் இடையே கட்டணம் ஏறக்குறைய இருமடங்காகின்றது. ஒரகடத்து வண்டிகளுட் சில 349 சி.சி. அளவினவாய், 350 என்னும் எல்லைக்கு ஒன்று குறைந்து நிற்பதனை என் மாணவனே எனக்குச் சொன்னான். 714 ரூபாயை 365 நாளாற் பகுத்துப் பாருங்கள். வரி நீங்கலாக நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாத இத்தொகையைக் கட்டாது ஓட்டிப் பிடிபட்டால், முதன்முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் தண்டம். மூன்று திங்கள் வரை சிறையும் விதிக்கலாம்.

புதிய வண்டி வாங்குவோர் ஐந்தாண்டுக்குரிய மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருங்கே எடுக்கவேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் உள்ள விதி. இதற்கு ஒரு தமிழரின் முயற்சியே காரணமாயிற்று. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் இராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி 2012ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கிலேயே இவ்வாணை பிறந்தது. முறிந்த கால்களை நாளும் கண்டவர்க்கு அறுவைச் சாலைக்கு வெளியேயும் ஒரு பணி இருப்பது புலப்பட்டது போலும்.

மூன்றாம் நபர் கட்டணம் ஒன்றாயின், இரு தாள்களும் எங்கு வேறுபட்டன? வண்டிச் சேதத்திற்குரிய பகுதியில். இப்பகுதிக்குரிய விலையை 2007ஆம் ஆண்டு முதல் நிறுவனங்கள் தாமே வைத்துக்கொள்கின்றன. ஆதலால் நான்கு இடங்களில் வினவுதல் இங்குப் பயன்தரும். பதிவுசெய்த ஊரும் பார்க்கப்படும். சென்னை முதலிய பெருநகரங்களினும் நம் போன்ற ஊர்களுக்குக் கட்டணம் சிறிது குறைவாக வைப்பது வழக்கம். ஆனால் பாதியாகக் குறைதற்கு இவை போதா. தாளைக் கல்வெட்டுப் படிப்பார் போல நுணுகிப் படித்தேன். (உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கணக்குக் காட்டாதவர் சபைக்கு ஆகார் என்று பராந்தக சோழன் காலத்து ஊரார் பொறித்து வைத்துள்ளனர். சிறு வரியையும் விடாது படிப்பது இப்பக்கத்தார்க்குப் புதிதன்று.) இரண்டு சூழ்ச்சிகள் வெளிப்பட்டன.

முதலாவது, வண்டியின் மதிப்பு. வண்டி களவு போனாலோ முற்றும் அழிந்தாலோ கிடைக்கும் உச்சத் தொகையே காப்பீட்டு மதிப்பு. அவ்வகை வண்டியின் இன்றைய விலைப்பட்டியலைக் கொண்டு, ஓராண்டிற்கு மேல் ஈராண்டு வரை 20 விழுக்காடும், மூன்றாண்டு வரை 30உம், நான்காண்டு வரை 40உம், ஐந்தாண்டு வரை 50உம் கழித்து அதனைக் கணிப்பர். பட்டியல் விலை 90,000 ரூபாயாயின், இவன் வண்டிக்கு 45,000 ரூபாய் இருத்தல் வேண்டும். மலிவான தாளில் 25,000 என்றிருந்தது. மதிப்பைத் தாழ்த்தினாற் கட்டணமும் தாழும். திருட்டுப் போகும் நாளில் 20,000 ரூபாய் குறையும்.

இரண்டாவது, தள்ளுபடி. ஓராண்டு முழுதும் இழப்பீடு கோராதவர்க்கு மறு ஆண்டு 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அது தொடர்ந்து 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டிற்குப்பின் 50இல் நிற்கும். இத்தள்ளுபடி சேதப் பகுதிக்கே உரியது; வண்டியோடு செல்லாது, அதனைப் பெற்ற மனிதரோடு செல்லும். மலிவான தாளில் வண்டியை விற்றவரது தள்ளுபடியை இவனுக்குப் போட்டிருந்தனர்! இழப்பீடு கோரும் நாளில் இது வெளிப்பட்டால் நிறுவனம் கொடுக்க மறுக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கருத்தில் வைக்க. பதினான்கு நாளுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தலும் வேண்டும்.

நேரிய சிக்கனங்களும் உண்டு. கண்ணாடி உடைந்தது, விளக்கு நசுங்கியது என்று சில நூறு ரூபாய்க்கு இழப்பீடு கோரினால், ஆண்டாண்டாய்ச் சேர்ந்த தள்ளுபடி முழுதும் அற்றுப்போகும். அதனைக் கைப்பணத்திற் செய்துகொள்வதே இலாபம். காலாவதியான பின் தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிடினும் தள்ளுபடி போய்விடும். உரிமையாளர் தமக்கென 15 இலட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பு எடுக்கவேண்டும் என்பது விதி; அத்தொகைக்கு வேறு காப்பு முன்னரே இருப்பின், சான்று காட்டி மீண்டும் எடுக்காது விடலாம்.

“ஐயா! அம்மாவைப் பின்னால் அமர்த்தி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வேன். அவர்களும் இதில் அடங்குவார்களா?” என்று அவன் இடையிற் கேட்டான். நல்ல வினா. சட்டம் விதித்த மூன்றாம் நபர் காப்பை மட்டும் எடுத்தால், பின்னிருக்கையில் வருபவர் அதில் அடங்கார் என்று 2006ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு பகுதியும் சேர்ந்த முழுக் காப்பீடு எடுத்தால் அடங்குவர். ‘மூன்றாம் நபர்’ என்றவுடன் தம்மையன்றி யாவரும் அதனுள் அடங்குவர் என்று நானும் எண்ணியிருந்தேன்.

உங்களுள் பதினெட்டு நிரம்பாதவர் பலர். உங்கட்கு ஒன்று: உரிமமின்றி ஓட்டி ஒருவர்க்குத் தீங்கு நேர்ந்தால், நிறுவனம் முதலில் அவர்க்கு ஈடு கொடுத்துவிட்டுப் பின்னர் அத்தொகையை வண்டியின் உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிறுவர் குற்றம் செய்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோர்க்கோ உரிமையாளர்க்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அச்சிறுவர் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெறுதலும் இயலாது.

என் மாணவன் மலிவான தாளைக் கிழித்தெறிந்தான். முதற்றாளைக் கையிற் கொண்டு வேறு மூன்று நிறுவனங்களில் வினவி, 45,000 ரூபாய் மதிப்பிற்கே, சிறிது குறைந்த கட்டணத்தில் முழுக் காப்பீடு எடுத்தான். தாள் வந்ததும் எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்து கொண்டானாம். மறுவாரம் தாயைப் பின்னே அமர்த்தி என் வாயிலில் வந்து நின்றான். தாயின் தலையிலும் தலைக்கவசம் இருந்தது. புதுப்பிக்கும் நாளை எங்கே குறித்துவைத்தாய் என்றேன். “வீட்டு நாட்காட்டியில் அம்மாவே எழுதிவிட்டார்கள், ஐயா” என்றான்.