தராசும் பரிசோதனைக் குப்பியும்: குத்துச்சண்டையில் இரு குற்றங்கள்

குத்துச்சண்டையில் நிறைப் பிரிவுகள் வகுக்கப்பட்டதற்குக் காரணம் பாதுகாப்புத்தான். தன்னைவிடப் பாரமானவனின் அடி மூளைக்கும் உயிருக்கும் ஆபத்தாகலாம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 105 இறாத்தல் முதல் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட அதிபார நிறை வரை பொதுவாக 17 பிரிவுகள் உள்ளன. கீழ்ப் பிரிவுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நான்கு இறாத்தல்தான் வித்தியாசம். இந்தச் சமநிலையைக் குலைக்கும் குற்றங்கள் இரண்டு. ஒன்று தடைசெய்யப்பட்ட மருந்தைப் பாவிப்பது. மற்றது ஒப்புக்கொண்ட நிறைக்கு மேல் வந்து நிற்பது.

முதலாவது குற்றத்தின் விலையை இலங்கை நன்கு அறியும். 2010 ஒக்ரோபரில் தில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் 56 கிலோகிராம் பிரிவில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றார். 1938 இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் வென்றதற்குப் பின், 72 ஆண்டுகள் கழித்துக் குத்துச்சண்டையில் நாட்டுக்குக் கிடைத்த தங்கம் அது. ஆனால் அவருடைய மாதிரியில் நண்ட்ரோலோன் என்ற ஸ்டீரொய்டு இருந்தது தெரியவந்தது. 2011 இல் பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரர் சோன் மெக்கோல்ட்ரிக்கிடம் சென்றது.

நண்ட்ரோலோன் தசையை வளர்த்து, கடும் பயிற்சிக்குப் பின் உடல் விரைவாகத் தேற உதவுவது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, இத்தகைய பொருள் உடலில் இருப்பதே குற்றம். வைத்தியர் தந்தார், சத்துமாவில் கலந்திருந்தது என்ற விளக்கங்கள் தண்டனைக் காலத்தைக் குறைக்கலாம்; வெற்றியைக் காப்பாற்றா. நோய்க்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவை என்றால் முன்கூட்டியே மருத்துவ விலக்குப் பெற வேண்டும். கடுமையான விதிதான். ஆனால் ஒவ்வொருவரின் உள்நோக்கத்தையும் நிரூபித்த பின்பே பதக்கத்தைப் பறிக்கலாம் என்று வைத்தால், எந்தப் பதக்கமும் திரும்பி வராது.

இரண்டாவது குற்றம் தராசில் நடப்பது. தொழில்முறைப் போட்டிகளில் வீரர்கள் சண்டைக்கு முதல் நாளே நிறுக்கப்படுகிறார்கள். இதனால் பலர் தம் இயல்பான நிறையைவிடக் குறைந்த பிரிவைத் தேர்ந்து, கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, நீராவி அறையில் வியர்த்து, நிறை பார்த்து முடிந்தவுடன் குடித்தும் உண்டும் பழைய நிறையை மீட்கிறார்கள். அளவுக்கு மீறினால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் தடைப் பட்டியலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அவை நிறையையும் குறைக்கும், மற்ற மருந்துகளின் தடயத்தையும் மறைக்கும்.

இரு குற்றங்களும் ஒரே சண்டையில் சேர்ந்து வந்ததும் உண்டு. 2024 ஏப்ரல் 20 அன்று நியூயோர்க்கின் புரூக்ளினில் டெவின் ஹேனியும் ரயன் கார்சியாவும் மோதினர். எல்லை 140 இறாத்தல், கார்சியா 143.2 இறாத்தலுடன் வந்தார். வென்றாலும் பட்டம் அவருக்குக் கிடைக்காது என்ற நிபந்தனையுடன் சண்டை நடந்தது. ஹேனி மூன்று முறை தரையில் விழுந்து, புள்ளிகளில் தோற்றார். பின்னர் கார்சியாவின் மாதிரியில் ஒஸ்டரீன் என்ற தடைப்பொருள் கண்டறியப்பட்டது. தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். நியூயோர்க் மாநில ஆணையம் அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 டொலர் தண்டமும் விதித்து, முடிவை 'போட்டியில்லை' என மாற்றியது.

ஜப்பானிய சம்பியன் ஷின்சுகே யமனாகாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 2017 ஓகஸ்டில் அவரை வென்ற மெக்சிக்கோவின் லூயிஸ் நெரியின் மாதிரியில் சில்பட்டெரோல் இருந்தது. மாசுபட்ட இறைச்சியால் வந்திருக்கலாம் என்று பட்டம் நெரியிடமே விடப்பட்டது. 2018 மார்ச்சில் மறுபோட்டிக்கு வந்த நெரி, 118 இறாத்தல் எல்லையை மூன்று இறாத்தல் தாண்டினார். பட்டம் தராசிலேயே போனது, சண்டையோ நடந்தது. இரண்டாவது சுற்றில் யமனாகா வீழ்ந்தார்.

ஒலிம்பிக்கில் நிலைமை வேறு. 2024 பாரிஸில் மல்யுத்த இறுதிப் போட்டிக்கு வந்த இந்தியாவின் வினேஷ் போகத் 50 கிலோகிராமுக்கு 100 கிராம் கூடியதால் நீக்கப்பட்டார். விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளியது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் மூன்று இறாத்தல் கூடினாலும் சண்டை தொடர்வதற்குக் காரணம் பணம். நுழைவுச்சீட்டும் ஒளிபரப்பு உரிமையும் விற்றாகிவிட்டன. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த எதிராளி மறுத்தால் அவருக்கும் ஊதியம் இல்லை. அதனால் பாரமானவரிடமிருந்து ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு மேடையேறுகிறார். அதை முழுச் சம்மதம் என்று சொல்வது கடினம்.

திருத்தங்கள் இல்லாமலில்லை. உலகக் குத்துச்சண்டைப் பேரவை பட்டப் போட்டிக்கு 30 நாட்களுக்கு முன் எல்லையைவிட 10 வீதத்துக்கு மேலும், 7 நாட்களுக்கு முன் 5 வீதத்துக்கு மேலும் கூடியிருக்கக் கூடாது என்கிறது. மருந்துப் பரிசோதனைக்கு 2011 இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பொன்று இயங்குகிறது. ஆனால் உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆணையம் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இல்லை. ஓரிடத்தில் தடைபெற்றவர் வேறோரிடத்தில் வழி தேட முடிகிறது.

இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் செயற்படுகிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்து தேசிய மட்டத்துக்குச் செல்லும் வீரருக்கும் அதே விதிதான். கடையில் வாங்கும் சத்துமாவையும் இருமல் மருந்தையும் எடுக்குமுன், தாம் பரிசோதனைக்கு உட்படுபவர் என்பதை வைத்தியரிடம் சொல்வது அவருடைய பொறுப்பு.

இரு குற்றங்களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மருந்து பெரும்பாலும் சண்டை முடிந்த பின்பே தெரியவருகிறது. அப்போது முடிவை மாற்றலாம், வாங்கிய அடியை மாற்ற முடியாது. மேலதிக நிறையோ மணி அடிக்குமுன்பே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரிந்தும் சண்டையை நடத்தும்போது, பிழை வீரருடையது மட்டுமல்ல. அனுமதித்த ஆணையத்துக்கும் அதில் பங்குண்டு.