‘பெஸ்ட்’ கியர் யாருக்கு பெஸ்ட்? ஒரு ஜோடி கையுறையின் கணக்கு

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். பின்னாடி ‘கடக் கடக்’னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, பக்கத்து தெரு விசைத்தறி. எடிட் பண்ணி எடுக்கப் பார்த்தேன், முடியல.

ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஆடுற எல்லாருக்கும் ‘பிஸ்’ லிஸ்ட் தெரிஞ்சிருக்கும். பெஸ்ட் இன் ஸ்லாட். தலைக்கு இது, கைக்கு இது, காலுக்கு இதுன்னு ஒரு பட்டியல். அதுக்குப் பின்னாடி கணக்கு இருக்குன்னு நாம நம்புறோம். கணக்கு இருக்கத்தான் செய்யுது. ஆனா அது யாரோட கணக்கு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். இதுல நான் ஒருத்தனைக் கெடுத்த கதையும் இருக்கு.

2020 லாக்டவுன். சென்னையில இருந்து லேப்டாப்போட ஊருக்கு வந்துட்டேன். பகல்ல ஆபீஸ் வேலை, ராத்திரி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக். கூட ஆடினது என் ஸ்கூல் நண்பன். ரெண்டு பேரும் வாரியர், ரெண்டு பேரும் ரெண்டு கையிலயும் வாள். ஒரே வித்தியாசம்: நான் டுவார்ஃப், அவன் ஹியூமன்.

லிஸ்ட்ல கைக்கு முதலிடம் ‘எட்ஜ்மாஸ்டர்ஸ் ஹேண்ட்கார்ட்ஸ்’. வாள், கோடரி, குத்துவாள் மூணுக்கும் வெப்பன் ஸ்கில் 7 கூட்டும் கையுறை. ஏல வீட்டுல தாறுமாறான விலை. நான் வாங்கினேன், டேமேஜ் எகிறிச்சு. “கண்ணை மூடிட்டு வாங்குல”ன்னு அவன்கிட்டயும் சொன்னேன். வேகமான குதிரை வாங்க மாசக்கணக்குல சேர்த்த தங்கத்தை அப்படியே கொட்டி வாங்கினான். அவனுக்கு ஒண்ணுமே ஏறல.

“ஏல, நீ சொன்னன்னுதானல வாங்குனேன். கணக்கு சரின்னா டேமேஜ் எங்கல?”

பதில் இல்ல. ஒரு வாரம் அவன் லாகின் பண்ணல. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்கைப் பிரிச்சுப் பார்த்தேன்.

லெவல் 60-ல நம்ம வெப்பன் ஸ்கில் 300. லெவல் 63 பாஸோட டிஃபென்ஸ் 315. இடைவெளி 15. நாம ஸ்கில் எதுவும் அழுத்தாம தானா விழுற சாதா அடியில 40% ‘கிளான்சிங்’ ஆகும், அதாவது சறுக்கி விழும் அடி. இடைவெளி 15 இருந்தா, சறுக்கின அடி முழு அடியில சராசரியா 65% தான் வேலை செய்யும். 10 ஆனா 85%. 8 ஆனா 93%. 7-க்கு வந்துட்டா 95%, அதுக்கு மேல ஏறாது.

இப்போ என் டுவார்ஃப்: 300-ல இருந்து 307. 65% இருந்தது 93% ஆச்சு. 28 புள்ளி வித்தியாசம், அதுல 40% எடுத்தா ஒவ்வொரு சாதா அடிக்கும் சராசரியா 11.2 புள்ளி லாபம். அடேயப்பா!

அவன் ஹியூமன். ஹியூமனுக்குப் பிறவியிலேயே வாள் ஸ்கில் 5 கூடுதல். அவன் ஆரம்பிச்சதே 305-ல, 85%-ல. கையுறை போட்டதும் 312. ஆனா பலன் 95%-லயே நின்னுடுச்சு. 10 புள்ளியில 40%, அதாவது வெறும் 4. ஏழு ஸ்கில்லுக்குக் காசு கொடுத்தான், மூணுதான் அங்க வேலை செஞ்சது.

இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு பேருமே அதுக்கு முன்னாடி டெவில்சார் கையுறையும் பேன்ட்டும் போட்டிருந்தோம். ரெண்டும் சேர்ந்தா 2% ஹிட் போனஸ். கையுறையை மாத்தினதும் அது போச்சு. 300 ஸ்கில்ல ஸ்பெஷல் அடி பாஸ் மேல தவறாம விழ 9% ஹிட் வேணும். 307-ல 5.8 போதும். எனக்கு 3.2 மிச்சம், 2 இழப்பு, அப்பவும் லாபம். அவனுக்கு 305-ல 6% வேணும், 312-ல 5.3%. மிச்சம் 0.7, இழப்பு 2. நிகரமா 1.3% அடி காத்துல போகுது. போதாக்குறைக்கு டெவில்சார்ல இருந்த அட்டாக் பவரும் போச்சு. டாட்ஜ் மாதிரி சின்ன விஷயங்களை விட்டுட்டு, அவன் டேமேஜ்ல பாதி சாதா அடின்னு வச்சுப் பார்த்தா, வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம். அவ்வளவு தங்கத்துக்குக் கிடைச்சது பூஜ்யம்.

லிஸ்ட் பொய் சொல்லல. எனக்கு அது சரியான பதில். அவனோட கேள்வியே வேற.

இதுல இருந்து மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ‘ஸ்டாட் வெயிட்’. ஹிட் 1 புள்ளி இவ்வளவு, கிரிட் 1 புள்ளி இவ்வளவுன்னு எண் போட்டு கூட்டுவாங்க இல்லையா? அந்த எண் ஒரு சரிவு, அவ்வளவுதான். நீங்க நிக்கிற இடத்துல மட்டும்தான் செல்லும். 9% வரைக்கும் ஹிட் எல்லா அடிக்கும் உதவும். தாண்டினா சாதா அடிக்கு மட்டும்தான். அந்த இடத்துல மதிப்பு சட்டுனு விழும். எங்க ஊர் பூ மார்க்கெட்ல முகூர்த்த நாள் பிச்சிப்பூ விலையை வச்சு அடுத்த வார வரவைக் கணக்கு போட்டா எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

ரெண்டு, தனித்தனி ஸ்லாட்டைக் கூட்டினா மொத்தம் வராது. செட் போனஸ் உடையும், ஒரு எல்லை தாண்டும். முழு செட்டோட முழு செட்டைத்தான் ஒப்பிடணும்.

மூணு, சிமுலேஷன். இப்போதைய கேமுக்கு சிமுலேஷன்கிராஃப்ட்னு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கு, சி பிளஸ் பிளஸ்ல எழுதினது. ரெய்ட்பாட்ஸ் அதைத்தான் ஓட்டுது. நாம எதையும் மாத்தலைன்னா அது ‘பேட்ச்வெர்க்’ பாணி சண்டையை 300 செகண்ட் சுத்துவட்டாரத்துல ஓட்டும். பேட்ச்வெர்க் நாக்ஸ்ராமஸ்ல வர்ற பாஸ், நின்ன இடத்துல நின்னு அடிப்பான். நீங்களும் நகரவே வேண்டாம். ஆனா நிஜ சண்டையில தரையில நெருப்பு வரும், ஓடணும், பாதியில செத்துப் போவோம். தறியோட வேகத்தை வச்சு ஒரு நாளைக்கு இத்தனை சேலைன்னு பேப்பர்ல போடலாம். நூல் அறுந்தா, கரண்ட் போனா?

ரிப்போர்ட்ல பிழை அளவு 0.1%னு போட்டிருந்தா ஏமாறாதீங்க. அது பகடையை எத்தனை தடவை உருட்டினாங்கங்கிறதோட பிழை. பல்லாயிரம் தடவை ஓட்டினா அது சுருங்கும். ஆனா சண்டையைப் பத்தி நாம வச்ச அனுமானம் தப்புன்னா, கோடி தடவை ஓட்டினாலும் அந்தத் தப்பு அப்படியேதான் இருக்கும். ஆபீஸ்ல லோடு டெஸ்ட் பாஸ் ஆன சர்வர் நிஜ டிராஃபிக்ல படுத்தப்போ, நான் அந்த ரிப்போர்ட்டைத்தான் நீட்டினேன். மேனேஜர் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால லிஸ்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அது யாரை வச்சுப் போட்டதுன்னு பாருங்க: என்ன இனம், என்ன ஆயுதம், கூட என்ன கியர், எத்தனை நிமிஷ சண்டை. உங்க கேரக்டரை வச்சு ஓட்டுங்க. வித்தியாசம் 1%க்குக் கீழன்னா, கையில இருக்கிறதைப் போட்டுக்கிட்டு தங்கத்தை மிச்சம் பிடிங்க.

கணக்கைப் போட்டு முடிச்சதும் அவனுக்கு போன் பண்ணினேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு, குதிரைக்கு என் தங்கத்துல பாதி தர்றேன்னேன். “கையுறையைத் தூக்கிப் போட்டுடுல”ன்னும் சொன்னேன். நல்லவேளை, போடல. கொஞ்ச நாள் கழிச்சு ரெய்டுல அவனுக்கு விழுந்தது ரெண்டு நல்ல கோடரி. ஹியூமனுக்குக் கோடரியில பிறவி போனஸ் கிடையாது. 300-ல இருந்து 307, என்னை மாதிரியே முழு பலன். அதே கையுறைதான்.

“இப்ப உன் லிஸ்ட் சரியா இருக்குல”ன்னான். பாதித் தங்கத்தைத் திருப்பித் தரல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.