பசித்தால் பிரிட்ஜ், போரடித்தால் டிவி!

வில் ரைட் வடிவமைத்து 2000ல் வெளியான கம்ப்யூட்டர் கேம் 'தி சிம்ஸ்'. இதில் ஒவ்வொரு கேரக்டருக்கும் பசி, தூக்கம், பொழுதுபோக்கு என 8 தேவைகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றின் மதிப்பெண் நேரம் செல்லச் செல்லக் குறையும். வீட்டிலுள்ள பொருட்களோ, 'என்னிடம் இது கிடைக்கும்' என அறிவித்துக் கொண்டே இருக்கும். எந்தத் தேவை அதிகம் குறைந்துள்ளதோ, அதற்கான அறிவிப்பே கேரக்டரை இழுக்கும்.

புரோகிராம் எழுதும் எனக்கு இதில் பிடித்த விஷயம், கேரக்டர் பொருளை ஆராய்வதில்லை, அறிவிப்பைத்தான் நம்புகிறது. நாமும் அப்படித்தானே! தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவில், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே க்ளிக் செய்யவும்" என்று ஒரு விண்டோ வந்தால், பயத்தில் அந்தப் பட்டன் மட்டுமே கண்ணில் படும். அதைத் தொடாமல் பிரவுசரை மூடிவிடுங்கள். எந்தப் புது புரோகிராமையும் காலையில், நிதானமாக இன்ஸ்டால் செய்திடுங்கள். அறிவிப்பு அதேதான், பார்க்கும் மனம் மாறியிருக்கும்.