மூலக்கூறுகளைச் சலிக்கும் சல்லடை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர்)

வேண்டிய பொருளை மட்டும் பெறுவது வேதியியலில் எளிதன்று. ஒரு வினையைத் தொடங்கினால் வேண்டாத பொருள்களும் உடன் விளைகின்றன. விளைபொருள்களுள் வேண்டியதன் பங்கு எவ்வளவு என்பதையே தெரிவுத்திறன் என்கிறோம். அது குறைந்தால் மூலப்பொருள் வீணாகிறது. பிரித்தெடுக்க எரிபொருள் செலவாகிறது. எஞ்சியது கழிவாக நிலத்தையும் நீரையும் கெடுக்கிறது. இக்குறையைத் தீர்க்க வந்ததே ஜியோலைட் சவ்வு வினைகலன்.

கொதிக்கும் கல்

1756இல் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். அதிலிருந்து நீராவி எழவே, கல்லே கொதிப்பதுபோல் தோன்றியது. 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு ஜியோலைட் எனப் பெயரிட்டார். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றாலான இப்படிகத்தில் ஒரே சீரான நுண்துளைகள் உண்டு. அவற்றின் அகலம் சில ஆங்ஸ்ட்ராம்களே. ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம்கள் அடங்கும்!

திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டைப் பருப்பைச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பள்ளிப் படிப்பு அறியாத என் அன்னை அவ்வேலை செய்பவர். நான் ஜியோலைட் பற்றிக் கூறியதும், "கண்ணு ஒரே சீரா இருந்தாதான் சலிப்பு சுத்தமா இருக்கும்" என்றார். ஜியோலைட்டின் தத்துவமும் அதுவே.

சல்லடையே வினைகலன்

எத்தில் ஆல்ககாலையும் அசெட்டிக் அமிலத்தையும் சம மோல் அளவில் கலந்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே எஸ்டராகிறது. கந்தக அமிலம் சேர்த்தால் வினை விரைவுபடுமேயன்றிச் சமநிலை மாறாது. உடன் விளையும் நீர் எஸ்டரை மீண்டும் சிதைப்பதே காரணம். அந்நீரை அவ்வப்போது நீக்கினால், லீ சாட்லியர் தத்துவப்படி வினை முன்னேறும்.

இதற்காக, நுண்துளைகள் கொண்ட அலுமினாக் குழாயின்மேல் ஜியோலைட்டை மெல்லிய படலமாக வளர்க்கிறார்கள். படலத்தின் ஒருபுறம் வினை நிகழும். மறுபுறம் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைப்பர். 'ஏ' வகை ஜியோலைட்டின் துளை சுமார் 4 ஆங்ஸ்ட்ராம். நீர் மூலக்கூறு 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் சிறியது. ஆல்ககால் 4க்கும் பெரியது. எனவே நீர் வெளியேற, ஆல்ககால் உள்ளே நிற்கிறது.

சைலீனிலும் இதே கதைதான். அதன் மூன்று வடிவங்களுள் பாலியஸ்டர் இழைக்கு வேண்டியது பாரா சைலீன். சமநிலையில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஒல்லியான பாரா, இசட்.எஸ்.எம்-5 என்னும் ஜியோலைட்டின் துளை வழியே எளிதில் நழுவும். பருமனான ஆர்த்தோவும் மெட்டாவும் திணறும். பாரா வெளியேற வெளியேற, மற்றவை பாராவாக மாறும்.

நம் நாட்டில்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பால் ரத்தினசாமி, புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஜியோலைட் வினையூக்கிகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றார். அங்கு பிறந்த என்சிலைட் என்னும் வினையூக்கி 1980களில் பரோடாவில் சைலீன் உற்பத்திக்குப் பயன்பட்டது. அது சவ்வன்று, வினையூக்கியே. எனினும் துளையின் அளவால் விளைவை ஆளலாம் என்பதை அது தொழிற்சாலையிலேயே மெய்ப்பித்தது.

சவ்வுக்கோ இன்னும் தடைகள் உண்டு. மயிரிழை போன்ற ஒரு விரிசல் விழுந்தாலும் சலிப்பு கெடும். மேலும், 'ஏ' வகை ஜியோலைட் அமிலத்தில் சிதையும். ஆகவே எஸ்டர் வினைக்கு அமிலத்தைத் தாங்கும் வேறு வகைகளை ஆய்வாளர் நாடுகின்றனர். விலையும் அதிகம்.

நமக்கு என்ன?

விழுப்புரம் வட்டாரத்துக் கரும்பு முண்டியம்பாக்கம் ஆலைக்குச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகிலிருந்து ஆல்ககால் வடிக்கலாம். சாதாரணக் காய்ச்சி வடித்தலில் அது 95.6 விழுக்காட்டைத் தாண்டாது. மீதி நீரை நீக்க மூலக்கூறுச் சல்லடை வேண்டும். அந்த ஆல்ககாலை எஸ்டராக மாற்றினால் பாகின் மதிப்பு மேலும் உயரும். எனவே இது அயல்நாட்டு ஆய்வகத்தின் செய்தி மட்டுமன்று. நம் உழவரின் விளைபொருளைப் பற்றிய செய்தியுமாகும்.

மாணவ நண்பர்களே! சமநிலை மாறிலியைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு ஆலையின் இலாப நட்டமும் ஒரு ஊரின் நீர்வளமும் நிற்கின்றன.