டிக்கெட் வாங்கும் அளவுக்கு ஜெர்மன்

பத்து நிமிட விளையாட்டில் அந்நிய மொழியின் முதல் வாக்கியங்கள் வசப்படும். அதற்கு அப்பால்?

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பஸ் வாளையாரைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. டீக்கடையில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் புதிதாக வந்த தமிழர் திகைத்துப்போவார். தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம், மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர். எல்லையைத் தாண்டிப் பிழைக்கும் லாரி டிரைவர்களும் வியாபாரிகளும் இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கற்பதில்லை. விலை, நேரம், வழி, சாப்பாடு ஆகிய நான்கு காரியங்களுக்கான வார்த்தைகளை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். இலக்கணம் பிறகு வரும்; பலருக்கு வராமலே காலம் ஓடிவிடும்.

ஜெர்மனிக்குப் பெட்டி கட்டும் தமிழருக்கும் முதலில் தேவைப்படுவது இந்த நான்குதான். 'வோ இஸ்ட் டேர் பான்ஹோஃப்?' என்றால் ரயில் நிலையம் எங்கே. 'வாஸ் கோஸ்டெட் டாஸ்?' என்றால் இது என்ன விலை. 'பிட்டே' என்று சேர்த்துக்கொண்டால் 'தயவுசெய்து' ஆயிற்று. இங்கும் வாளையாரின் 'வெள்ளம்' போன்ற பொறிகள் உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர்களே அதிகம் சிக்குவார்கள். ஆங்கிலத்தில் 'யார்' என்பதுபோல் காதில் விழும் 'வோ'வுக்கு 'எங்கே' என்று பொருள். 'எங்கே' போல ஒலிக்கும் 'வேர்' என்பதற்கு 'யார்' என்று பொருள். 'கிஃப்ட்' என்று எழுதிய புட்டியைப் பரிசு என்று நினைத்துத் திறக்கக் கூடாது, அது விஷம்.

இதைவிட ஆபத்தானது கடிகாரம். 'ஹால்ப் டிரை' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று' என்று அர்த்தம். ஆனால் அது மூன்றரை அல்ல, இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது கணக்கு. இது புரியாதவர் ஒரு மணி நேரம் தாமதமாக நிலையத்துக்குப் போய், போன ரயிலின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எண்களும் தலைகீழ். தமிழில் இருபத்தொன்று; ஜெர்மனில் 'ஒன்றும் இருபதும்'.

இவற்றை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். விளையாடினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேர், ஓர் அட்டைக் கடிகாரம். ஒருவர் நேரத்தைச் சொல்ல, மற்றவர் ஐந்து எண்ணுவதற்குள் முள்ளை நகர்த்த வேண்டும். பழைய பஸ் டிக்கெட்டுகளின் கடைசி இரண்டு இலக்கங்களை ஜெர்மனில் வாசிப்பது இன்னொரு ஆட்டம். ஜெர்மானியக் குழந்தைகள் தலைமுறைகளாக ஆடும் ஆட்டம் ஒன்றும் பயணிக்குப் பொருத்தமானது: 'நான் பெட்டியில் வைக்கிறேன்' என்று தொடங்கி ஒருவர் ஒரு பொருளைச் சொல்வார். அடுத்தவர் அதையும் சொல்லித் தன் பொருளையும் சேர்ப்பார். பட்டியலில் ஒன்றை விட்டவர் ஆட்டத்தை விட்டு வெளியே.

இந்த ஆட்டத்தில் ஓர் உபரி லாபமும் உண்டு. தமிழில் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால். ஜெர்மனிலோ ஜடப் பொருளுக்கும் பால் உண்டு: கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. காரணம் கேட்டுப் பயனில்லை. பெட்டியில் வைக்கும்போது கோட்டுக்கு முன்னால் 'ஐனென்', பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு முன்னால் 'ஐனே', புத்தகத்துக்கு முன்னால் 'ஐன்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் விதி தானே நாக்கில் ஏறும். ஒரு விஷயத்தில் தமிழருக்குச் சலுகையும் இருக்கிறது. 'டூ', 'ஸீ' என்ற வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டாம். அது நம்முடைய 'நீ', 'நீங்கள்'தான்.

இதெல்லாம் சுற்றுலாக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர், 2007 முதல் 'ஏ1' என்னும் ஆரம்ப நிலை ஜெர்மன் அறிவைக் காட்டியாக வேண்டும். சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குக் குடும்பம் ஒன்றுசேர்வதே அந்தச் சான்றிதழில் தொங்குகிறது. கதே நிறுவனம் நடத்தும் இந்தத் தேர்வில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பேச்சுப் பகுதியில் தேர்வர்கள் குழுவாக உட்கார்ந்து, தம்மை அறிமுகம் செய்துகொண்டு, மேஜை மேல் உள்ள அட்டைகளை எடுத்து ஒருவரையொருவர் கேட்கவும் பதில் சொல்லவும் வேண்டும். 'சாப்பாடு' என்ற தலைப்பில் 'ரொட்டி' வந்தால் ரொட்டியைப் பற்றி ஒரு கேள்வி. படத்தில் தண்ணீர் டம்ளர் வந்தால் தண்ணீர் கேட்க வேண்டும். வீட்டில் அட்டை வைத்து விளையாடியவருக்கு இது புதிதாக இராது.

ஆனால் விளையாட்டுக்கு எல்லை உண்டு. கேரள நர்சுகளை ஜெர்மனிக்கு அனுப்ப, மாநில அரசின் 'நோர்க்கா' அமைப்பு 2021-ல் ஜெர்மன் அரசு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தது. அதன்படி போகிறவர்கள் 'ஏ1' படியோடு நிற்க முடியாது. ஏ2, பி1 என்று ஏறி, பிறகு பி2 வரை போக வேண்டும். நோயாளி எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று சொல்வதைப் புரிந்துகொள்ளப் பெட்டி விளையாட்டு போதாது. மாதக்கணக்கில் வகுப்பும் எழுத்தும் தேவை. பத்து நாளில் ஜெர்மன் என்று விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்டுமுன், எந்தப் படி வரை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எதிர்த் திசையில் வந்த ஒரு ஜெர்மானியரும் இரண்டையும் செய்தவர்தான். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், ஒரு திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அதோடு அவர் நிற்கவில்லை. தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்துப் படித்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. மணலில் விரல் வைத்த நாளுக்கும் அதற்கும் இடையே ஒன்பது வருடப் படிப்பு இருந்தது.